வராதவர்கள் பட்டியலில் முதல் பெயர்

பாப்பா,

"உங்க பொண்ணு ஸ்கூல் மீட்டிங்குக்கு யாரு சார் போறது?" என்று ஒரு தாய் என்னிடம் ஒருமுறை கேட்டார். அப்போது நீ நான்காம் வகுப்பில் இருந்தாய். நான் பெங்களூரு நீலசந்திராவில் ஒரு தமிழ் வழி ஆரம்பப் பள்ளியில் வாத்தியார். கேட்டவர் பெயர் முனியம்மா. மாநகராட்சியில் தெருக் கூட்டும் வேலை. வேலைக்குப் போடும் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல், துடைப்பத்தைப் பள்ளி கேட்டுக்கு வெளியே சாய்த்து வைத்துவிட்டு, என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். குரலில் கோபம் இல்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்பவர் போலத்தான் கேட்டார். "அவங்க அம்மா போவாங்க" என்றேன். சொன்ன மறு நொடியே அது எனக்கு உறுதியாகத் தெரியாது என்பது உறைத்தது. அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. ஆனால் அதை எடுத்து உன் முன்னால் வைக்க இத்தனை வருடத்தில் ஒரு சந்தர்ப்பம் அமையவில்லை. நேற்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் அந்தச் சந்தர்ப்பத்தைக் கொண்டுவந்துவிட்டது.

உன் குரலை அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். "அப்பா, ப்ளீஸ். ரெண்டே லைன். நானே டைப் பண்ணி அனுப்பியிருக்கேன், நீ பேர் மட்டும் போட்டு அனுப்பிடு. இதோட விட்டுடறேன்னு பிரின்சிபல் மேடம் சொல்லிட்டாங்க. ஸ்கூல்ல வேலை செய்யற அந்த அம்சாவுக்கும் அதுதான் நல்லது. தான்யாவைக் கொஞ்சம் நெனச்சுப் பாருப்பா." நீ இங்கிலீஷில் டைப் செய்திருந்த இரண்டு வரிகளையும் படித்தேன். சனிக்கிழமை நான் நடந்துகொண்ட விதத்தால் பள்ளிக்கும் பெற்றோருக்கும் நேர்ந்த சங்கடத்துக்கு வருந்துகிறேன். இனி இப்படி நடக்காது. பிழை ஒன்றும் இல்லை. முப்பத்தைந்து வருடம் சிவப்பு மையோடு திரிந்தவன் சொல்கிறேன், திருத்த ஓர் எழுத்துகூட இல்லை. ஆனால் நான் என் பெயரைப் போடமாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசிப் பக்கம்வரை நீ நம்பிக்கையோடு படித்துவிட்டு ஏமாறக்கூடாது. "மாட்டேன்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டுப் போறதுதானே, எதுக்கு இத்தனை பேப்பர்?" என்று உன் அம்மா கேட்கிறாள். ஒரு வார்த்தையில் சொன்னால் அது வீம்பு என்று நீ நினைப்பாய். அதனால்தான் இத்தனை பேப்பர்.

முதலில், என் பேத்தி தான்யாவின் பள்ளிக்காக நீ போடும் செய்தி மடலைப் பற்றிச் சொல்கிறேன். மாதாமாதம் உன் வேலைக்கு நடுவே, ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்து, பெற்றோர்களுக்காக நீ அதைத் தயாரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். எந்த வகுப்பு என்ன படித்தது, யார் எந்த மரத்தைப் பற்றி எழுதினார்கள், அடுத்த மாதம் என்ன போட்டி, எந்தக் குழந்தையின் தாத்தா வந்து கடிகாரத்தைப் பிரித்துக் காட்டினார் என்றெல்லாம் வருகிறது. நன்றாக இருக்கிறது. நான் வெறும் சுவரில் சாக்பீஸால் செய்ததை நீ வண்ணத்தில் செய்கிறாய். பெருமையாக இருந்ததால்தான் ஒவ்வொரு இதழையும் எடுத்துக்கொண்டு போய் நம் தெரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். அதன் கடைசிப் பக்கத்தில் நட்சத்திர அட்டவணை இருக்கிறது. வாசிப்பு நேரத்துக்கு வந்த பெற்றோருக்கு ஒன்று, பயிற்சி வகுப்புக்கு வந்தால் இரண்டு, விளையாட்டு நாளில் உதவினால் ஒன்று. அதற்குக் கீழே சின்னதாக ஒரு பெட்டி: இந்தக் குடும்பங்களை இன்னும் அதிகமாகப் பார்க்க விரும்புகிறோம். இரண்டு இதழில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். பார்த்த உடனே எனக்கு அது யாருடைய கைவேலை என்று தெரிந்துவிட்டது. என்னுடையது. தெரிந்தும் உன்னிடம் வாயைத் திறக்கவில்லை. உன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, தான்யாவோடு கேரம் ஆடிவிட்டு, பஸ் ஏறி வந்துவிட்டேன். அப்போதே சொல்லியிருந்தால் சனிக்கிழமை நான் எழுந்து நிற்க வேண்டி வந்திருக்காது. இது என் முதல் தப்பு. இன்னொன்று பழையது, பெரியது.

எங்கள் பள்ளியின் வெளிச்சுவரில், தெருவைப் பார்த்தபடி, சிமெண்டில் ஒரு கரும்பலகை இருந்தது உனக்கு நினைவிருக்கும். வாரச் செய்தி என்று தலைப்பிட்டு ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் எழுதுவேன். மூன்றாம் வகுப்பு பெருக்கல் வாய்ப்பாட்டை முடித்துவிட்டது, நாலாம் வகுப்பு வைத்த அவரைக் கொடி மாடிக்கு ஏறிவிட்டது, இன்னார் கபடியில் கையைச் சிராய்த்துக்கொண்டும் ஆட்டத்தை விடவில்லை. இப்படி. காய்கறி வண்டிக்காரர்கூட வண்டியை நிறுத்திப் படித்துவிட்டுப் போவார். பெற்றோர் கூட்டம் நடத்தினால் மட்டும் பாதிப் பேர் வரமாட்டார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. இத்தனை செய்கிறோம், மாதத்தில் ஒரு சனிக்கிழமை வர முடியாதா என்று நினைத்தேன். பலகையின் கீழ் மூலையில் கோடு போட்டு, கூட்டத்துக்கு வராதவர்கள் என்று எழுதி, பெயர்களைப் போட ஆரம்பித்தேன். வெட்கப்பட்டாவது வருவார்கள் என்பது என் கணக்கு. யாரும் வரவில்லை. பெயர்கள்தான் காணாமல் போயின. எச்சில் தொட்டு அழித்த விரல் தடம் திங்கள் மதியமே தெரியும். நான் மறுபடி எழுதுவேன். அவர்கள் மறுபடி அழிப்பார்கள். எந்தப் பிள்ளை என்று கண்டுபிடிக்க இடைவேளையில் ஒளிந்து நின்றுகூடப் பார்த்தேன். இதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

முனியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு திங்களும் மாலையில் மகளைக் கூட்டிக்கொண்டு பலகை முன்னால் வந்து நின்று, வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்பார். அவரைப் போல அந்தப் பலகையை ஒரு எழுத்து விடாமல் கேட்ட வாசகர் எனக்கு வேறு இல்லை. மகள் எல்லாவற்றையும் படிப்பாள். கீழ் மூலைக்கு வந்ததும் "அவ்ளோதாம்மா" என்று சொல்லி இழுத்துக்கொண்டு போய்விடுவாள். நான்கு மாதம் அப்படிப் போயிருக்கிறது. கடைசியில் தெருவில் யாரோ சொல்லித்தான் தன் பெயர் அந்த மூலையில் இருப்பது முனியம்மாவுக்குத் தெரிந்தது. அன்றுதான் என் வகுப்பு வாசலுக்கு வந்தார். "இன்னா சார், எம்பேரை செவுத்துல எழுதிக்கிறியாமே. நான் ஆறரைக்கு மஸ்டர்ல நிக்கணும், இல்லாங்காட்டி மேஸ்திரி ஆப்செண்ட் போட்டுடுவாரு. அங்கியும் ஆப்செண்ட், இங்கியும் ஆப்செண்ட். நான் எங்கதான் சார் இருக்கறது?" என்றார். நான் பெற்றோரின் கடமை என்று ஏதோ ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அன்று சாயங்காலம் உன் அம்மா ஹொசூர் ரோடு தையல் கம்பெனியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன், பாப்பா ஸ்கூல் மீட்டிங் எப்படிப் போகிறது என்று. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "என்னைக் கேக்கறீங்க? எனக்கு யாரு கேட் பாஸ் குடுப்பா? நீங்கதானே போறீங்க. அப்பா வந்தாருன்னு பாப்பா சொல்லுவாளே." உன்னைக் கூப்பிட்டோம். கையில் பென்சிலோடு வந்தாய். இரண்டு வருடமாக என்னிடம் அம்மா வந்தாள் என்றும், அம்மாவிடம் அப்பா வந்தார் என்றும் சொல்லியிருந்தாய். உன் கான்வெண்டில் கூட்டத்துக்குப் பெற்றோர் வராத பிள்ளைகளைச் சுவரோரம் வரிசையாக நிற்க வைப்பார்கள் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டோம். ஏன் சொல்லவில்லை என்று அம்மா கேட்டாள். "சொன்னா நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுவீங்க. நின்னா ஒண்ணும் கால் வலிக்காதும்மா, பழகிடுச்சு" என்றாய். சொல்லிவிட்டு வீட்டுப்பாடத்தை முடிக்கப் போய்விட்டாய். நானும் உன் அம்மாவும் அன்று பேசிக்கொள்ளவே இல்லை. நீ பயந்த சண்டைகூட வரவில்லை.

மறுநாள் மணி அடிக்கும் முன்பே போய், ஈரத் துணியால் பலகையின் கீழ் மூலையைத் துடைத்தேன். காய்ந்ததும், கூட்டத்துக்கு வராதவர்கள் என்று மறுபடி எழுதி, கீழே ஒரே ஒரு பெயரைப் போட்டேன். என் பெயர். அடைப்புக்குள் மகளின் பள்ளிக்கு என்று சேர்த்தேன். தலைமையாசிரியை கூப்பிட்டு, பள்ளியின் மானம் போகிறது, அழியுங்கள் என்றார். இத்தனை மாதம் மற்றவர்கள் பெயர் இருந்தபோது போகாத மானம் இப்போது எப்படிப் போகும் என்று கேட்டேன். ஒரு வாரம் அது அங்கேயே இருந்தது. என் பெயரை எந்தப் பிள்ளையும் எச்சில் தொட்டு அழிக்கவில்லை, கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்குப் பிறகு கூட்டத்தை நான் சனிக்கிழமை நடத்தவில்லை. துப்புரவுப் பணியாளர்கள் காலை ஆறரைக்கு வருகை கொடுக்கும் இடத்தைத்தான் மஸ்டர் என்பார்கள். நம் தெருவிலிருந்து நடக்கும் தூரம்தான். பையில் நோட்டுப் புத்தகங்களைப் போட்டுக்கொண்டு அங்கே போய் நின்றேன். முதல் நாள் என்னைப் பார்த்ததும் முனியம்மா மற்ற பெண்களிடம், "வாத்தியாரு வந்துட்டாரு பாரு, மேஸ்திரி வேலைக்கு உலை வெக்கப் போறாரு" என்றார். மேஸ்திரி சிரிக்கவில்லை. ஆனாலும் பத்து நிமிடம் கொடுத்தார். முனியம்மாவின் கையில் மகளின் நோட்டைக் கொடுத்தேன். அவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து, ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "இது மட்டும் ஏன் சார் கோணலா இருக்குது? இருங்க, இது அவ காய்ச்சல்ல வந்த அன்னிக்கு எழுதினது. போகாதேன்னு சொன்னேன், கேக்கல" என்றார். அந்தப் பக்கத்தில் நான் சிவப்பு மையில் 'கையெழுத்தில் கவனம் தேவை' என்று எழுதியிருந்தேன். எழுத்துத் தெரியாத ஒருவர், எழுத்துத் தெரிந்த எனக்குத் தெரியாத ஒன்றை அந்தப் பக்கத்தில் படித்தார். குடும்பத்தின் பங்கேற்பு என்று உன் இதழில் எழுதுகிறாயே, அதை நான் முதன்முதலில் பார்த்தது அந்தத் தெருமுனையில்தான்.

உன்னிடம் ஒன்றை மறைக்கக்கூடாது. அதற்குப் பிறகும் உன் பள்ளிக் கூட்டங்கள் எல்லாவற்றுக்கும் நான் வரவில்லை. மூன்றுக்கு வந்தேன். ஊர்ப் பிள்ளைகளுக்காக விடியற்காலையில் எழுந்தவன் உனக்காக விடுப்பு எடுக்க ஒவ்வொரு முறையும் யோசித்தேன். நீ தாயான பிறகு ஒரு கூட்டத்தையும் விடுவதில்லை. ஜுரத்தோடு போயிருக்கிறாய், ஆபீஸ் போனைக் காதில் வைத்துக்கொண்டே போயிருக்கிறாய். தான்யா ஒரு நாளும் சுவரோரம் நிற்கக்கூடாது என்று நீ முடிவெடுத்திருக்கிறாய், அது எனக்குப் புரிகிறது. அந்த முடிவில்தான் உன் நட்சத்திரங்களும் முளைத்தன. வர முடிந்த நீ, வராதவர்களை மன்னிக்க முடியாமல் இருக்கிறாய். உண்மையில் நீ மன்னிக்காமல் இருப்பது என்னைத்தான் என்றால், அந்தக் கோபத்தை என்மேலேயே வை. நான் ஏற்றுக்கொள்கிறேன். அந்தப் பெட்டிக்குள் அம்சாவின் பெயரைப் போட்டு அதைத் தீர்த்துக்கொள்ளாதே.

அம்சாவை நீ தினமும் பார்க்கிறாய், ஆனால் அவரை உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் மூன்று தெரு தள்ளி இருக்கிறார். உன் மகள் படிக்கும் பள்ளியில் தரை துடைக்கும் வேலைக்கு, ஒரு காண்டிராக்ட் ஆள் மூலமாகப் போகிறார். அங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகளில் ஓரிருவருக்குப் பள்ளி இடம் கொடுக்கும் என்று தெரிந்து, அவர் மகள் தீபிகாவுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவனே நான்தான். தாயும் மகளும் காலையில் முதல் பஸ் பிடித்து ஏழு மணிக்குமுன் பள்ளியில் இருப்பார்கள். மற்ற பிள்ளைகள் வரும்வரை தீபிகா படிக்கட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பாள். உன் வாசிப்பு நேரத்துக்கு நாற்காலி போடுவது அம்சா. பயிற்சி வகுப்பு முடிந்து நீங்கள் காபி குடித்த கோப்பைகளை எடுப்பது அம்சா. அந்தப் பள்ளியில் தினமும் முதலில் வரும் பெற்றோர் அவர். ஒரு நாள்கூட அவருக்கு ஒரு நட்சத்திரம் விழவில்லை.

சனிக்கிழமை என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியும். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எப்படித் தெரிந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். வரும் சனிக்கிழமை நடக்கப்போகும் குடும்பக் கற்றல் நாளுக்கான கூட்டம். தாத்தா பாட்டிகளையும் அழைத்திருந்தாய். வீட்டில் கற்ற ஒன்றைக் குழந்தை மேடையில் சொல்ல வேண்டும், வீட்டிலிருந்து ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். பின்வரிசையில் ஒரு பையன் ஜூஸைக் கொட்டிவிட்டான். அம்சா வாளியோடு உள்ளே வந்து, "கொஞ்சம் கால் எடுங்க சார்" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, துடைத்துவிட்டு வெளியே போய்க் கதவருகே நின்றார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. நீ மைக்கில் மேடைக்கு வரும் குழந்தைகளின் பெயர்களைப் படித்தாய். பிறகு, நட்சத்திரம் இல்லாததால் இந்தமுறை பார்வையாளர்களாக இருந்து கைதட்டப்போகும் மூன்று குழந்தைகள் என்று திரையில் காட்டினாய். தீபிகா, மூன்றாம் வகுப்பு, பெற்றோர் பங்கேற்பு இல்லை. கதவின் கண்ணாடி வழியாக அம்சாவின் முகம் எனக்குத் தெரிந்தது. திரையில் இருப்பதைப் படிக்கும் அளவுக்கு அவருக்கு இங்கிலீஷ் வரும்.

நான் எழுந்தேன். "ஒரு திருத்தம். தீபிகாவோட அம்மா வந்திருக்காங்க. இப்பதான் என் காலடியில தரை தொடச்சிட்டுப் போனாங்க" என்றேன். சிலர் சிரித்தார்கள். அவர் பணியாளராக வந்திருக்கிறார், பெற்றோராக அல்ல என்று பிரின்சிபல் மேடம் மரியாதையாகத்தான் சொன்னார். "ரெண்டும் ஒரே ஆள்தானே மேடம்?" என்று கேட்டேன். நானே போய்க் கதவைத் திறந்து, அம்சாவை உள்ளே கூப்பிட்டு, என் நாற்காலியில் உட்கார வைத்தேன். வேறு நாற்காலி இல்லாததால் கூட்டம் முடியும்வரை சுவரோரம் நின்றேன். நீ மைக்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாய். சுவரைப் பார்த்தாய். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாய். உனக்கும் அது நினைவுக்கு வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அன்றே அம்சாவின் சூப்பர்வைசர் அவரைக் கூப்பிட்டு, "ஒளகெ யாக்கெ ஹோதெ?" என்று கேட்டிருக்கிறார். உள்ளே ஏன் போனாய் என்று. அடுத்த மாதத்திலிருந்து வேறு கட்டடத்துக்கு மாற்றிவிடுவேன் என்றும் சொல்லியிருக்கிறார். அங்கே போனால் தீபிகாவைக் காலையில் கூட்டிக்கொண்டு வர ஆள் இல்லை. இது தெரிந்ததும் நான் அம்சா வீட்டுக்குப் போனேன். மன்னிப்பு என்று ஒன்று நான் கேட்க வேண்டியிருந்தால் அது அங்கேதான். "உங்களை ஒரு வார்த்தை கேக்காம கூட்டிட்டு வந்து உட்கார வெச்சிட்டேன். தப்பு" என்றேன். "ஆமா சார், தப்புதான். கையில ஈரத் துணி. சேர் நனைஞ்சிடப் போவுதேன்னு பயந்துக்கினே உட்கார்ந்திருந்தேன், ஒரு வார்த்தை காதுல ஏறல" என்று சிரித்தார். நீ அனுப்பிய இரண்டு வரியைப் பற்றிச் சொன்னேன். நான் பெயர் போட்டால் அவரை அங்கேயே விட்டுவிடக்கூடும் என்றும் சொன்னேன். அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். "எழுதாதீங்க சார். நீங்க எழுதினா நான் அங்க உட்கார்ந்ததே தப்புன்னு ஆயிடும். தீபி ஜன்னல்ல நின்னு பாத்துக்கினு இருந்தா. எங்கம்மா சேர்ல உட்கார்ந்தாங்கன்னு அன்னிலருந்து தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு திரியுறா. அவகிட்டப் போயி, அது தப்பாம்மான்னு நான் எப்படி சொல்றது?" தீபிகா மேடையில் சொல்வதற்காக எழுதி வைத்திருந்த தாளைக் கொண்டுவந்து காட்டினாள். அதில் என்ன இருக்கிறது என்று உனக்குச் சொல்லமாட்டேன். ஒரு வாளித் தண்ணீரையும் ஒரு மூடி பினாயிலையும் பற்றியது. முப்பத்தைந்து வருடம் விகிதக் கணக்கு நடத்தியவன் நான். அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு என் கையில் இருந்ததில்லை.

ஆகவே, பாப்பா, மாட்டேன். பள்ளிக்குள் நான் வரக்கூடாது என்றால் கேட்டுக்கு வெளியே நின்று தான்யாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அம்சாவை மாற்றினால் தீபிகாவைத் தினமும் முதல் பஸ்ஸில் நான் அழைத்துப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். "முட்டிக்குப் பட்டி போட்டுக்கிட்டுப் போங்க" என்றாள் உன் அம்மா. அவளுடைய சம்மதம் எப்போதும் அப்படித்தான் வரும். தான்யாவை நினைத்துப் பார்க்கச் சொன்னாய். நினைத்துப் பார்த்தேன். தன் வகுப்புத் தோழியைக் கைதட்ட மட்டும் உட்கார வைத்ததைக் கேட்டதற்காகத் தன் தாத்தா மன்னிப்பு எழுதிக் கொடுத்தார் என்றால், அது அவளுக்கு ஒரு நாள் தெரியவரும். உனக்கு என் பலகை இன்று தெரிவதுபோல. பள்ளி என்னிடம் எழுத்தில் ஒன்று கேட்டது. இதுதான் அது. இந்தக் கடிதத்தை உன் அடுத்த இதழில், அந்தக் கடைசிப் பக்கத்தில், நட்சத்திரங்கள் இருந்த இடத்தில் போடு. போட முடியாது என்று அவர்கள் சொன்னால், வெளிச்சுவரில் எழுத எனக்கு இன்னும் கை நடுங்கவில்லை. வராதவர்கள் பட்டியல் கட்டாயம் வேண்டும் என்றால் அதையும் வைத்துக்கொள், முதல் பெயர் என்னுடையதாக இருக்கட்டும்.

மேடைக்கு யார் வருவது என்ற பட்டியல் உன் கையில் இருக்கிறது. அதை நான் திருத்தப்போவதில்லை. உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, பட்டியல் அச்சுக்குப் போகும் முன், பள்ளிக்குப் போ. அம்சா கூடத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். தரை காயும்வரை வாசலில் நில். பிறகு, "தீபிகா இந்த வாரம் உங்ககிட்ட என்ன கத்துக்கிட்டா?" என்று கேட்டு, அவர் சொல்வதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதிக்கொண்டு வா.

அப்பா